செவிக்குள் இருக்கிற பறை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரியப்பா செத்துப்போனார். தேனாம்பேட்டையில் ஆட்டோ நுழையாத சந்து எங்களுடையது. காலையிலிருந்து பறை அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிவாக்கில் பாடையைத் தூக்குகிற நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. எங்கள் வங்கிக் கிளையின் மேலாளர். மறுநாள் ஏதோ சாவி விஷயம் கேட்டார். பேச்சுக்கு நடுவே, "என்ன சார் அங்க ஒரே சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார், ரோட்ல ஏதோ கலாட்டா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாற்பது வருசம் ஊரார் சாவுக்கெல்லாம் பறை அடித்த மனுசனின் கடைசி ஊர்வலத்தை 'ஏதோ கலாட்டா' ஆக்கிவிட்டு நிற்கிறேன். நான் பறையைப் பற்றி நாலு கவிதை எழுதியவன். அதில் இரண்டு இந்த இதழிலேயே வந்தது.

அவர் ஏன் அதைச் சத்தம் என்று கேட்டார், நான் ஏன் அதைக் கலாட்டா என்று மொழிபெயர்த்தேன் என்கிற கேள்வி அதற்குப் பிறகு என்னை விடவில்லை. இரண்டு பேர் காதுக்கும் போனது ஒரே காற்றதிர்வுதான். வித்தியாசம் எங்கே நுழைந்தது? காதிலா, மூளையிலா, அதற்கும் வெளியிலா? மருத்துவம் படிக்கிற தோழர் ஒருவரிடம் புத்தகங்களை வாங்கி ஒரு மாதமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன்.

முதலில் காது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததுதான். வெளியிலிருந்து வரும் அதிர்வு ஒரு தோலில் மோதுகிறது. அந்தத் தோலுக்குத் தமிழில் என்ன பெயர்? செவிப்பறை. தோழர்களே, எந்தச் சாதிக்காரன் காதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது பறைதான். தீட்டு என்று எவனும் அதைப் பிடுங்கிப் போட்டதில்லை. அந்தப் பறை அதிர்ந்து மூன்று குட்டி எலும்புகளைத் தள்ள, அவை நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிற காக்லியாவுக்குள் இருக்கும் திரவத்தைத் தள்ளுகின்றன. அதற்குள் நீளமாக ஒரு சவ்வு. கீச்சென்ற ஒலிக்கு அதன் வாசல்பக்கம் அதிகம் அதிரும், கனத்த ஒலிக்கு உள்கோடி அதிரும். இதைக் கண்டறிந்ததற்காகத்தான் பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சவ்வின் மேல் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள். அவைதான் அதிர்வை நரம்பின் மின்துடிப்பாக மாற்றுகின்றன. ஒருமுறை செத்தால் மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. பெரியப்பாவுக்குக் கடைசிப் பத்து வருசம் இடது காது கேட்காது. இடது தோளில்தான் பறை தொங்கும். ஊர் அவருக்குக் கொடுத்த கூலியில் இந்தக் காதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்களா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இதுவரைக்கும் எல்லோர் காதும் ஒன்றுதான். நரம்பு மூளைத்தண்டுக்குப் போன உடனே கணக்கு ஆரம்பிக்கிறது. வலப்பக்கம் எழுந்த ஒலி இடக்காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தி வரும். அந்தப் பிந்தலை வைத்தே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மூளை சொல்லிவிடுகிறது. பறையின் அடி மாதிரி சுள்ளென்று வெடித்துப் பல அலைவரிசைகளும் கலந்து வருகிற ஒலியை இப்படித் திசை கண்டுபிடிப்பது சுலபம். எங்கோ தூரத்தில் அடித்தாலும் 'வடக்கால சாவு' என்று கிழவிகள் சொல்வார்களே, அது அந்தக் கணக்குதான். செய்தி சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஏது? 'பறைதல்' என்றாலே சொல்லுதல்தானே. சொல்கிறவனை ஊருக்கு வெளியே வைத்துவிட்டு, சொல்வதை மட்டும் ஊர் கேட்டுக்கொண்டது.

இனிமேல்தான் விவகாரம். காதிலிருந்து மூளைக்குப் போகும் பாதை ஒருவழிப் பாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. மூளைத்தண்டிலிருந்து காக்லியாவுக்கே இறங்கி வருகிற நரம்பிழைகளை 1946இல் ராஸ்முசென் என்பவர் விவரித்திருக்கிறார். மேலே பெருமூளையிலிருந்தும் படிப்படியாகக் கீழே கட்டளை வருகிறது. எதைத் தூக்கிக் கேட்பது, எதை அமுக்குவது என்று மூளை காதுக்கே சொல்லி அனுப்புகிறது. கேட்பது என்பது பாதி எதிர்பார்ப்பு.

1970இல் வாரன் என்பவர் ஒரு சோதனை செய்தார். பதிவு செய்த பேச்சில் ஒரு சொல்லின் நடு ஒலியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சொல் முழுசாக இருக்கிறது என்றார்கள். இல்லாத ஒலியை மூளை தானே நிரப்பிக்கொண்டது. சரி, இல்லாததைக் கேட்கிற மூளை இருப்பதைக் கேட்காமலும் விடுமா? விடும். 1992இல் அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் ஒரே பெண்ணின் ஒரே பதிவை இரண்டு வகுப்புகளுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு வகுப்புக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், மற்றதற்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் ஒன்றுதான், அதுவும் அங்கேயே பிறந்து வளர்ந்தவளின் குரல். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் 'உச்சரிப்பு அந்நியமா இருக்கு' என்றார்கள். அதோடு பாடமும் அவர்கள் தலையில் குறைவாகவே ஏறியிருந்தது. புரியவில்லை என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. நிஜமாகவே புரியவில்லை. அதுதான் பயங்கரம்.

இதைப் படித்தபோது எங்கள் வங்கிக் கவுண்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. பூக்கார அம்மா ஒருத்தர் வருவார். "இன்னா சார், பாஸ்புக்ல துட்டு ஏறிக்கிதா பாரு" என்பார். தெளிவான தமிழ். பக்கத்துக் கவுண்டர்காரர் முகத்தைச் சுளித்து "என்னம்மா சொல்றே, புரியற மாதிரி பேசு" என்பார். அதே ஆள் மாம்பலத்து மாமா வாய்க்குள் முனகுவதை ஒரு தடவையில் புரிந்துகொள்வார். சென்னைத் தமிழ் என்றால் நம் சினிமாவுக்குக் காமெடி, வில்லனின் அடியாள் பேச்சு. தெலுங்கும் உருதும் இங்கிலீஷும் உழைக்கிற சனங்களின் வாயில் கலந்து உருவான மொழி அது. கேட்கிறவன் காதுக்குள் போகுமுன்பே அதற்கு 'கொச்சை' என்று முத்திரை குத்தியாகிவிட்டது.

ஜான் பா என்கிற கறுப்பின மொழியியலாளர் வீடு வாடகைக்குக் கேட்டு சான்பிரான்சிஸ்கோ பக்கம் போன் போட்டுப் பார்த்தார். ஒருமுறை கறுப்பர் பேசும் விதத்தில், ஒருமுறை மெக்சிகோ வழிவந்தவர்கள் பேசும் விதத்தில், ஒருமுறை 'நல்ல' இங்கிலீஷில். வெள்ளைக்காரப் பேட்டைகளில் முதல் இரண்டு குரலுக்கும் வீடு காலியில்லாமல் போனது. 1999இல் வந்த அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. 'ஹலோ' என்ற ஒரே ஒரு சொல்லை வைத்துக் கேட்டவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட தடவை ஆள் யார் என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு ஹலோ! நம்மூரில் வீடு தேடிய யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நானே வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் என் ஹலோவை மாற்றிக்கொண்டேன். வீட்டில் ஒரு ஹலோ, ஆபீசில் ஒரு ஹலோ. அந்த ஆபீஸ் ஹலோதான் 'ரோட்ல ஏதோ கலாட்டா' என்று சொன்னது.

சத்தம் வேறு, இசை வேறு, அது இயற்பியல், அதில் சாதி எங்கே வந்தது என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். அதற்கும் கொஞ்சம் போவோம். வெறும் வட்டத்தோலை அடித்தால் அதில் எழும் மேலதிர்வுகள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக வராது. 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று கோணல்மாணலாக வரும். அதனால் மூளைக்கு இதுதான் சுருதி என்று பிடித்துக்கொள்ள முடியாது. பறை அந்த வகை. தீயில் காய்ச்சித் தோலை விறைக்க வைத்து ஒலியை உயர்த்தலாம், ஆனால் பாட்டுச் சுருதியில் அது நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக ஒன்று இருக்கிறதல்லவா, சோறும் கல்பொடியும் குழைத்துத் தடவித் தடவித் தேய்ப்பது, அந்த எடை சேர்ந்ததும் மேலதிர்வுகள் ஒழுங்கான மடங்குகளுக்கு வந்துவிடுகின்றன. இதை சி.வி. ராமன் 1920இல் எழுதினார். மூளை உடனே சுருதி கேட்கிறது. அதற்குப் பெயர் நாதம்.

சரி, அந்தக் கறுப்பைத் தடவியது யார்? மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் பதம் பார்த்து, வார் இழுத்து, விரலால் தட்டித் தட்டி எந்தப் புள்ளியில் எவ்வளவு மாவு என்று காதால் அளந்தது யார்? பெரும்பாலும் நம்மவர்கள். தஞ்சாவூரிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தலித் கிறித்தவக் குடும்பங்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் இல்லையென்றுவிட்டது. மாட்டுத்தோல் கச்சேரி மேடையில் இருக்கலாம், புத்தகத்தில் இருந்தால் கசக்கிறது! ராமன் சமன்பாட்டில் கண்டதை, பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவர் அதற்குப் பல காலம் முன்பே விரல்நுனியில் கண்டுவைத்திருந்தார். சுருதி கேட்கத் தெரிந்த காது எது என்று இப்போது சொல்லுங்கள். எங்கள் சந்திலிருந்து எல்டாம்ஸ் சாலை வழியாக நடந்தால் அரைமணியில் மியூசிக் அகாடமி வந்துவிடும். அரைமணி தூரத்தில் ஒரு தோல் நாதம், இன்னொரு தோல் நாராசம்.

இதுவரை படித்து நம் தோழர்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனிமேல் நமக்குள் பேச வேண்டியது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் மாணவத் தோழர் ஒருவர், "பறை நம்ம ரத்தத்துல ஊறுனது தோழர்" என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். இப்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ரத்தத்தில் எதுவும் ஊறவில்லை. பிறப்பால் வருவது என்று சொல்வது மனுவின் வேலை. அதை நாம் எடுத்துச் செய்ய வேண்டியதில்லை.

மூளை என்ன சொல்கிறது? 1984இல் வெர்க்கர், டீஸ் என்ற இருவர் இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நம் த, ட மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைப் பிடித்தன. ஒரு வயது நெருங்கும்போது அவற்றால் முடியவில்லை. வீட்டில் அந்த ஒலி புழங்கவில்லை, மூளை அந்த வாசலைச் சாத்திவிட்டது. பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் எல்லா வாசலும் திறந்திருக்கிறது, சுற்றியிருக்கும் வாழ்க்கை எது எது தேவை என்று முடிவு செய்கிறது. ஊர், சேரி என்று பிரித்துக் கட்டியவன் வீட்டை மட்டும் பிரிக்கவில்லை. இந்தக் குழந்தை எதைக் கேட்டு வளரும், எதைக் கேட்காமல் வளரும் என்பதையும் பிரித்துவிட்டான். 2016இல் மெக்டெர்மாட் குழுவினர் பொலிவியக் காட்டுக்குள் வாழும் சிமானே மக்களிடம் போய், மேற்கத்திய இசையில் இனிமை என்றும் கரகரப்பு என்றும் சொல்லப்படும் ஒலிச்சேர்க்கைகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒரே அளவு பிடித்திருந்தது. இனிமை பிறவியில் வரவில்லை. பழக்கத்தில் வந்தது. நாராசமும் அப்படித்தான்.

பிறவியில் வருவது என்று ஏதாவது இருந்தால் அது தாளம். 2009இல் பிறந்து இரண்டு மூன்று நாளான, தூங்கிக்கொண்டிருந்த சிசுக்களுக்குத் தாளத்தைப் போட்டு, முதல் அடியை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தலையில் ஒட்டியிருந்த கருவி காட்டிக்கொடுத்தது, தூக்கத்திலேயே மூளை 'அடி விழவில்லையே' என்று திடுக்கிட்டது. ஹங்கேரியில் பிறந்த குழந்தைகள். அவற்றின் ரத்தத்தில் எந்தப் பறை ஊறியிருந்தது? தாளத்தைக் கேட்டாலே உடம்பை அசைக்கும் மூளைப்பகுதிகளும் சேர்ந்து விழித்துக்கொள்கின்றன, ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும்கூட.

எங்கள் நைனாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் பறையை மறுத்தவர். எங்களைத் தொடவிட்டதில்லை. "தொட்டீனா கைய ஒடச்சிடுவேன்" என்பார். அண்ணன் அடிக்கிறார் என்பதற்காகப் பதினோரு வருசம் பெரியப்பாவோடு பேசாமல் இருந்தார். அவர் செய்தது தப்பு என்று இன்றைக்குப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல்வது சுலபம். சாவுக்கு அடி என்று ஆள் அனுப்பினால் போய்த்தான் ஆகவேண்டும், போகாவிட்டால் உதை என்றிருந்த காலத்தில், அடிக்கமாட்டேன் என்பதுதான் விடுதலை. தமிழ்நாடு முழுக்க அதற்காக அடிவாங்கியவர்கள் இருக்கிறார்கள். பிறகு அதே பறையை மேடைக்கு, போராட்டத்துக்கு எடுத்தவர்களும் நம்மவர்கள்தான். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைக் கையிலெடுத்தார்கள். 2025இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம். ஆனால் இரண்டு வழியும் நம் வழிதான். கட்டாயத்தில் அடிப்பது வேறு, விரும்பி அடிப்பது வேறு. இரண்டுக்கும் காற்றதிர்வு ஒன்றேதான், அதனால்தான் வெறும் ஒலியை வைத்துக் கலகம் என்றோ அடிமைத்தனம் என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்றைக்கு ஊர்வலத்தில் நைனா எதுவும் பேசாமல் பாடைக்குப் பின்னால் நடந்தார். வலதுகை விரல்கள் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டு வந்தன. ஒரு அடிகூடத் தவறவில்லை. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பறையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் அமைதியைப் பற்றிப் பேசுவதேயில்லை. 1975இல் நியூயார்க்கில் ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தை பிரான்சாஃப்ட் என்ற பெண் ஆய்வாளர் பார்த்தார். ரயில் பக்கம் இருந்த வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்க வகுப்புகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். அதே பள்ளி, அதே மாதிரிப் பிள்ளைகள். பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் வைத்தார்கள், கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981இல் மறுபடி பார்த்தால் வித்தியாசம் போய்விட்டிருந்தது. மூளைக்கு ஒன்றும் கோளாறில்லை. சத்தத்தை விலக்கி விலக்கியே அது களைத்துப்போயிருந்தது.

எங்கள் சந்திலிருந்து அண்ணா சாலை கூப்பிடு தூரம். மெட்ரோவுக்குத் தோண்டினார்கள். 2024இல் சைதாப்பேட்டை வரைக்கும் மேம்பாலத்துக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். அண்ணன் மகள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பிளஸ் டூவுக்குப் படித்தாள். 2000இல் வந்த மத்திய அரசின் விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. டெசிபல் பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. இந்தச் சட்டம் எப்போது ஞாபகம் வருகிறது? சாவு மேளத்துக்கும் கானா கச்சேரிக்கும் போலீஸ் வரும்போது. ராத்திரி முழுக்க ஓடுகிற டிரில்லிங் மிஷினுக்கு அந்த 45ஐ யாரும் நினைப்பதில்லை. கதவைச் சாத்தி ஏசி போட்டுக்கொள்கிறவனுக்கு அமைதி விலைக்குக் கிடைக்கிறது. பத்துக்குப் பத்து வீட்டுக்காரிக்கு அமைதி வேண்டுமானால் சமூகநலக் கூடத்தை ராத்திரி பத்து மணிவரை படிக்கத் திறந்துவிடச் சொல்லிப் போராட வேண்டும். போராடுவோம். கூடவே, ஏப்ரல் 14க்கு நாமே சந்து முனையில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கரை அடுக்குகிறோமே, அதையும் கொஞ்சம் பேசுவோம். பாபாசாகேப் ராத்திரியெல்லாம் படித்தவர்.

கூட்டத்தில் நம் காது எப்படி வேலை செய்கிறது என்றும் பார்த்தேன். 1953இல் செர்ரி ஒரு பரிசோதனை செய்தார். ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் இன்னொன்று. ஒன்றைக் கவனிக்கச் சொன்னால் மற்றதில் என்ன பேசினார்கள் என்பதே கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. பேசுகிற மொழி மாறியதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை. போன வாரக் கூட்டத்தில் ஒரு பெண் தோழர், துண்டறிக்கையைச் சென்னைப் பேச்சிலேயே எழுதலாம் என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கால்மணி கழித்து அதையே ஓர் ஆண் தோழர் சொன்னார். பிரமாதம் என்றோம், குறிப்பேட்டில் அவர் பெயரில் எழுதினோம். எழுதியவன் நான்தான். அந்தத் தோழர் சிரித்துக்கொண்டே, "என் வாய்ஸு உங்க காதுக்கு ஏறல போல" என்றார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டுச் சரியான பெயரை எழுத வேண்டும். மறுக்காமல் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியப்பாவைப் புதைத்த மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன்பே மேலாளர் அறைக்குப் போனேன்.

"சார், நேத்து போன்ல நீங்க கேட்டது கலாட்டா இல்ல. பறை. எங்க பெரியப்பா தவறிட்டாரு. அவரும் பறை அடிக்கிறவருதான்" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாமே, லீவு போட்டிருக்கலாமே" என்றார்.

"பெரியப்பாவுக்கெல்லாம் லீவு கிடையாது சார்" என்றேன்.

பேனாவைத் திறந்தார், மூடினார். "சத்தமா அடிச்சாங்க" என்றார், பிறகு, "நல்லா அடிச்சாங்க" என்று திருத்திக்கொண்டார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வெளியே முதல் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். போய் உட்கார்ந்தேன்.